ஒரு ஃப்ளோட்டில்லாவை நடத்துவது: தன்னார்வப் படகுப் பாதுகாப்பின் அலுவலகப் பக்கம்

அமெரிக்காவில் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஏதாவது ஓர் ஏரிக்கரைக்குப் போனால், தண்ணீரில் இறங்கக் காத்திருக்கும் படகு டிரெய்லர்களின் வரிசைக்கு ஓரமாக, சீருடை அணிந்த ஒருவர் கையில் எழுதும் அட்டையுடன் நிற்பதைக் காண வாய்ப்புண்டு. அவர் காவலர் அல்லர். அபராதம் விதிக்க அவருக்கு அதிகாரமில்லை, சம்பளமும் கிடையாது. உரிமையாளர் சம்மதித்தால் மட்டுமே படகைப் பார்ப்பார். பதிவு எண் படகின் முன்பாதியில் இருபுறமும் குறைந்தது 3 அங்குல உயரத்தில் இருக்கிறதா, ஏறப்போகும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு உடை இருக்கிறதா, 16 அடியோ அதற்கு மேலோ நீளமான படகென்றால் தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் மிதவை கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். தீயணைப்பானைத் திருப்பி, அதில் பொறித்திருக்கும் உற்பத்தி ஆண்டைத் தேடுவார். 2022 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்த விதிப்படி, மறுபடி நிரப்ப முடியாத வகைத் தீயணைப்பான் உற்பத்தியாகி 12 ஆண்டுகள் கடந்துவிட்டால், அதன் அழுத்தமானி முள் பச்சையிலேயே நின்றாலும் அது செல்லாது. ஆபத்துக் காலத்தில் கொளுத்தும் ஃபிளேர்களுக்கு உற்பத்தி நாளிலிருந்து 42 மாதங்கள்தான் ஆயுள் என்பதால் அவற்றின் தேதியையும் படிப்பார்.

எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஆண்டுக்குரிய ஸ்டிக்கரைப் படகில் ஒட்டுவார். குறை இருந்தால் அதை எழுதிய தாளைக் கையில் கொடுப்பார். காவல்துறைக்குத் தகவல் போகாது. ஆக மொத்தம் அரை மணி நேர வேலை. படகுக்காரரைப் பொறுத்தவரை அது அங்கேயே முடிந்துவிடுகிறது. பரிசோதித்தவருக்கும், ஃப்ளோட்டில்லா எனப்படும் அவருடைய உள்ளூர்த் தன்னார்வக் குழுவுக்கும் அது முடியவில்லை. அந்தத் தாளிலுள்ள விவரம் கணினிப் பதிவில் ஏறும்வரை, அலுவல் கணக்கில் அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. இப்படிப் பதிவில் ஏற்றுகிற, ஆணை கேட்கிற, கணக்கு வைக்கிற, ஒப்படைக்கிற வேலைகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. தன்னார்வப் படகுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படகையும் மீட்பையும் பற்றியே பேசுகிறார்கள். குழு நிலைப்பதும் கலைவதும் ஏறக்குறைய எப்போதும் அலுவலக மேசையில்தான் தீர்மானமாகிறது.

இந்த வேலை எதற்காக என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 2019இல் 613 பேரும், பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் 767 பேரும், 2023இல் 564 பேரும் அமெரிக்காவில் இறந்தார்கள். 2023இல் இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். அவர்களில் உயிர்காப்பு உடை பற்றிய தகவல் கிடைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 100க்கு 87 பேர் அதை அணிந்திருக்கவில்லை. படகில் உடை இருந்தும் இருக்கைக்கு அடியில் மடித்துவைத்திருந்த கதைகள் இதில் ஏராளம். பெரும் மீட்பு நடவடிக்கைகளைக் காட்டிலும், கரையிலேயே நின்று பேசுகிற அரைமணி நேரப் பேச்சு அதிக உயிர்களைக் காக்கக்கூடும் என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் எழுந்து நிற்கிறது.

அமைப்பின் பெயர் அமெரிக்கக் கடலோரக் காவல் துணைப்படை. 1939 ஜூன் 23 அன்று இயற்றப்பட்ட சட்டத்தால் இது பிறந்தது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் தங்கள் நேரத்தையும் படகையும் கொடுத்துக் கடலோரக் காவல் படைக்குக் கைகொடுக்கலாம் என்பதே ஏற்பாடு. முதலில் இதற்கு 'ரிசர்வ்' என்றுதான் பெயர். 1941 பிப்ரவரியில் உண்மையான ராணுவ ரிசர்வ் ஒன்று தனியே உருவானபோது, தன்னார்வலர்களின் பிரிவு 'ஆக்ஸிலியரி', அதாவது துணைப்படை, என்று பெயர் மாறியது. 1996இல் வந்த சட்டத்திருத்தம் அதன் எல்லையை வெகுவாக விரித்தது. சட்ட அமலாக்கத்திலும் ராணுவ நடவடிக்கையிலும் நேரடியாக ஈடுபடக் கூடாது என்பதைத் தவிர, கடலோரக் காவல் படையின் ஏறத்தாழ எந்தப் பணியிலும் அவர்கள் உதவலாம் என்றாயிற்று. தாய்ப்படை 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வந்தபோது துணைப்படையும் உடன் வந்தது.

இந்த வரலாற்றில் ஒரு முடிச்சு இருக்கிறது, அலுவலகச் சுமை முழுவதும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. இது ஓர் அறக்கட்டளையோ பொழுதுபோக்குச் சங்கமோ அன்று. அரசின் சீருடைப் படை ஒன்றின் நீட்சி. ஆனால் இதை நடத்துபவர்களோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்கள். அரசு அலுவலகத்துக்குரிய கண்டிப்பு ஒரு பக்கம், சங்கத்துக்குரிய ஆள்பலம் மறுபக்கம். உள்ளூர்க் குழுவை நடத்துவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாள்தோறும் நிரப்புவதுதான்.

உள்ளூர்க் குழுவுக்கு ஃப்ளோட்டில்லா என்று பெயர். சிறிய படகுக்கூட்டம் என்பது அதன் மூலப்பொருள். அக்கம்பக்கத்து ஃப்ளோட்டில்லாக்கள் பல சேர்ந்து ஒரு டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்து ஒரு டிஸ்ட்ரிக்ட், எல்லாவற்றுக்கும் மேலே தேசிய அமைப்பு. ஃப்ளோட்டில்லாவின் எண்ணிலேயே இந்த அடுக்கு தெரியும். 12-3 என்றால் 12ஆவது டிவிஷனின் 3ஆவது குழு. இந்தத் தன்னார்வ அடுக்குக்குப் பக்கத்தில், ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் கடலோரக் காவல் படையின் பணியில் இருக்கும் அதிகாரி ஒருவர் துணைப்படைக்கான இயக்குநராக இருக்கிறார். சேர்க்கை, தகுதிச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் கடைசிச் சொல் அவருடைய அலுவலகத்தினுடையது.

ஃப்ளோட்டில்லாவின் தலைவர் கமாண்டர் எனப்படுகிறார். அவரும் துணைக் கமாண்டரும் உறுப்பினர்களால் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கமாண்டரின் தோளில் லெஃப்டினன்ட்டுக்கு உள்ளதைப் போன்ற இரண்டு பட்டைகள் இருக்கும். அவை பதவியைக் குறிக்குமே தவிர ராணுவத் தரவரிசையைக் குறிக்காது என்பதற்கு அடையாளமாக 'ஏ' எழுத்தும் இருக்கும். இந்தப் பட்டைகளைப் பார்த்து மயங்குகிற புதிய கமாண்டர்கள் முதல் மூன்று மாதங்களில் பாடம் கற்றுவிடுவார்கள். சம்பளம் கொடுக்காதவர் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, விருப்பத்தின் பேரில் வந்தவரை விருப்பமில்லாமல் வேலை வாங்கவும் முடியாது. கமாண்டரிடம் உண்மையில் இருப்பது இரண்டே கருவிகள்: யாரை எந்தப் பொறுப்பில் அமர்த்துவது என்ற தேர்வு, ஒருவர் செய்ததை மறக்காமல் பதிவு செய்து பாராட்டுவது. இரண்டாவதற்கும் பதிவேடுதான் வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொறுப்பு அலுவலர்களைக் கமாண்டர் நியமிக்கிறார். பதவிகள் பதினைந்துக்கும் மேல். நிதி, செயலர் பணி, தகவல் பதிவு, உறுப்பினர் பயிற்சி, ஆள்சேர்ப்பு, பொதுமக்களுக்கான வகுப்புகள், படகுப் பரிசோதனை, ரோந்து நடவடிக்கை, வானொலித் தொடர்பு, பொருட்கள், மக்கள் தொடர்பு, வெளியீடு, கடல்சார் பாதுகாப்பு, நீர்வழி அடையாளங்கள், படகுக் கடைகளுக்குப் போய்ப் பாதுகாப்புக் கையேடுகளை வைத்துவருவது என்று வரிசை நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் டிவிஷனிலும் டிஸ்ட்ரிக்டிலும் அதே பெயரில் ஓர் அலுவலர் உண்டு. உள்ளூரில் படகுப் பரிசோதனையைக் கவனிப்பவர் மாதந்தோறும் மேலே டிவிஷனில் அதே பணியைக் கவனிப்பவருக்கு அறிக்கை அனுப்புவார், அவர் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்புவார். தகவல் இப்படிப் பக்கவாட்டு ஏணிகளில் ஏறி இறங்கினாலும், ஆணையும் ஒப்புதலும் கமாண்டர்களின் தொடர் வழியாகவே போக வேண்டும் என்பது மரபு. டிவிஷன் அலுவலர் ஒருவர் ஃப்ளோட்டில்லா உறுப்பினரிடம் நேரடியாக வேலை சொல்லிக் கமாண்டருக்குத் தெரியாமல் போவதுதான் பெரும்பாலான உள்ளூர்ச் சச்சரவுகளின் வேர்.

பன்னிரண்டு பேர் சுறுசுறுப்பாக இருக்கும் குழுவில் பதினைந்து பதவிகளை எப்படி நிரப்புவது? ஒருவரே மூன்று தொப்பிகளை மாட்டிக்கொள்வார். அப்படியிருந்தும் சில பதவிகள் காலியாகவே கிடக்கும். என் கருத்தில், சிறிய குழு எல்லாப் பெட்டிகளையும் பெயரளவில் நிரப்ப முயல்வது வீண். நிதி, செயலர், தகவல் பதிவு, பயிற்சி ஆகிய நான்கும் தனித்தனி ஆட்களிடம் நன்றாக இருந்தால் மற்றவை தாமாக ஓடும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் படகும் ஆட்களும் இருந்தும் குழு தேங்கிப்போகும். அதிலும் நிதியையும் செயலர் பணியையும் ஒரே ஆளிடம் கொடுப்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கே செய்யும் அநீதி. நாளை ஒரு கேள்வி எழுந்தால் அவருக்காகச் சாட்சி சொல்ல இன்னொரு தாள் இருக்காது.

நான்கில் கண்ணுக்குத் தெரியாததும் கனமானதும் தகவல் பதிவுதான். உறுப்பினர் செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு படிவத்துக்குள் போக வேண்டும். ரோந்து, வகுப்பு நடத்துதல், பொது நிகழ்ச்சி போன்ற பணிகளுக்கு 7030 என்ற எண்ணுள்ள படிவம். படகுப் பரிசோதனைகளுக்கு 7038. இவை எதிலும் அடங்காத நேரம், அதாவது கூட்டத்துக்குப் போனது, வகுப்புக்குத் தயாரானது, இந்தப் படிவங்களையே நிரப்பியது, எல்லாம் 7029க்குப் போகும். படிவம் நிரப்பிய நேரத்தைப் படிவத்தில் நிரப்ப வேண்டும் என்ற இந்த வேடிக்கையைக் கேலி செய்யாத உறுப்பினர் இல்லை. ஆனால் அந்த நேரம்தான் ஒரு குழுவை நடத்துவதற்கு உண்மையில் எவ்வளவு உழைப்பு தேவை என்பதற்கான ஒரே சான்று. எல்லாம் 'ஆக்ஸ்டேட்டா' என்ற நாடு தழுவிய தரவுத்தளத்தில் சேர்கின்றன. முன்பு தாளாகவோ மின்னஞ்சலாகவோ தகவல் அலுவலரிடம் வந்து அவர் உட்கார்ந்து ஏற்றுவது வழக்கம். பின்னர் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் உறுப்பினர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ளவும் வழி வந்தது.

தானே பதிவு செய்யலாம் என்றதும் சுமை குறைந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். சுமை இடம் மாறியது, அவ்வளவுதான். எழுபது வயதைக் கடந்த, நாற்பது ஆண்டுகள் ஏரியில் படகோட்டிய ஒருவருக்கு அலையைப் படிக்கத் தெரியும், கடவுச்சொல் மாற்றச் சொல்லும் திரையைப் படிக்க அலுப்பாக இருக்கும். அவர் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு ஒன்றை வைத்திருப்பார். அதில் தேதியும், மணியும், பரிசோதித்த படகின் எண்ணும் பென்சிலில் இருக்கும். ஆண்டு முழுவதும் அது பையிலேயே இருந்துவிட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில், ஈரத்தில் ஊதிப்போன பக்கங்களோடு, தகவல் அலுவலரின் கைக்கு வரும். எழுத்து கலங்கிய இடத்தில் அது 3ஆ 8ஆ என்று இருவரும் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. படகுப் பரிசோதகராகத் தகுதி பெற, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் 5 பரிசோதனைகள் செய்ய வேண்டும். தகுதியைத் தக்கவைக்க ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 5 செய்ய வேண்டும். படகுப் பணியாளர் என்றால் ஆண்டுக்கு 12 மணி நேரமாவது படகில் பணியில் இருந்திருக்க வேண்டும். கணக்கு காலண்டர் ஆண்டின்படி ஓடுகிறது. 30 படகுகளைப் பரிசோதித்தவருடைய தாள்கள் பதிவாகாமல் கிடந்தால், ஜனவரி பிறந்ததும் தரவுத்தளம் அவரை ஆண்டுக்கடமை நிறைவேற்றாதவர் என்று காட்டும். அந்த நிலை சரியாகும்வரை அவர் தனியாகப் பரிசோதனைக்குப் போக முடியாது. வேலை செய்யாதவருக்கும் வேலை செய்தும் பதிவு செய்யாதவருக்கும் தரவுத்தளம் வேறுபாடு பார்ப்பதில்லை. மன வருத்தத்தோடு விலகிய உறுப்பினர்களில் கணிசமானவர்களின் கதை இப்படி ஒரு விடுபட்ட தாளில்தான் தொடங்கியிருக்கும். பாராட்டும் இதே கணக்கை நம்பியிருக்கிறது. தொடர்சேவை விருது ஒவ்வொரு 750 மணி நேரத்துக்கும் வழங்கப்படுவது. எழுதாத மணி நேரம் அதில் சேராது.

அடுத்தது ரோந்து. இங்கே தாளின் எடை இன்னும் கூடுகிறது. ரோந்துக்குப் போகும் படகு உறுப்பினரின் சொந்தப் படகுதான். ஆண்டுதோறும் அதைத் தனியே ஆய்வு செய்து, பணிக்கு ஏற்றது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். சாதாரணப் படகுக்கு வேண்டிய சாதனங்களை விட இதற்குப் பட்டியல் நீளம். புறப்படும் முன் ரோந்து ஆணை கேட்டு, அதை வழங்க அதிகாரமுள்ள கடலோரக் காவல் அலுவலகம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஆணை கையில் இருந்தால், பணிநேரத்தில் உறுப்பினருக்குக் காயம் பட்டால் சிகிச்சைக்கும், படகு சேதமானால் ஈட்டுக்கும், பிறருக்கு இழப்பு நேர்ந்தால் பொறுப்புக்கும் அரசின் பாதுகாப்பு உண்டு. எரிபொருள் செலவும் திரும்பக் கிடைக்கும். ஆணை இல்லாமல் அதே சீருடையோடு அதே படகில் அதே ஏரியில் போனால், சட்டத்தின் கண்ணில் அவர் வாரவிடுமுறையில் படகோட்டும் இன்னொரு குடிமகன்தான். கரைக்கு எதிரே யாரோ தத்தளிப்பதைப் பார்த்தால் உதவப் போகாமல் இருக்க முடியாது, அது மனிதக் கடமை. ஆனால் திட்டமிட்ட ரோந்தை 'ஆணை நாளைக்கு வந்துவிடும், இன்றே போய்வருவோம்' என்று தொடங்குவது, குழுவின் தலைவர் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாத ஒன்று. அப்படி அனுமதித்த அன்று எதுவும் நடக்காமல் போவதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் அடுத்த முறையும் அப்படியே போகத் தோன்றும்.

கயிற்றை அவிழ்க்கும் முன் படகில் இருப்பவர்கள் சேர்ந்து அன்றைய அபாயத்தை எடைபோடுவார்கள். நீண்ட காலம் புழங்கிய முறையில் ஆறு கூறுகள்: மேற்பார்வை, திட்டமிடல், ஆட்களின் தேர்வு, அவர்களின் உடல்நிலை, வானிலையும் நீர்நிலையும், பணியின் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் பத்து வரை எண் கொடுத்துக் கூட்டினால், 23 வரை பச்சை, 24 முதல் 44 வரை மஞ்சள், 45 முதல் சிவப்பு. இதன் பயன் கூட்டுத்தொகையில் இல்லை. படகோட்டி உடல்நிலைக்கு 2 போட்ட இடத்தில், நேற்றிரவு சரியாகத் தூங்காத இளம் பணியாளர் 7 போடுகிறார். ஏன் என்று படகோட்டி கேட்கிறார். பேச வாய் வராத ஒருவருக்கு எண் ஒரு வாயைக் கொடுக்கிறது. எண்களைக் கூட்டி முடிப்பதற்குள் அன்றைய ரோந்து இரண்டு மணி நேரமாகக் குறைந்துவிட்டிருக்கும். திரும்பி வந்தபின் 7030 படிவமும் எரிபொருள் ரசீதும் போக வேண்டும். ரசீது தொலைந்தால் பணம் வராது, அதைப் பற்றி வாதாடுவதில் பொருளில்லை.

பணம் என்ற சொல் வந்ததால் நிதிப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். உறுப்பினர் கட்டும் ஆண்டுச் சந்தா ஒரே தொகை போலத் தோன்றினாலும் அதில் தேசிய அமைப்பு, டிஸ்ட்ரிக்ட், டிவிஷன், ஃப்ளோட்டில்லா என நான்கு பங்குகள் உண்டு. உள்ளூர்ப் பொருளாளர் முழுவதையும் வசூலித்து மேலே சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். யாரோ இருவர் கட்டாமல் இருப்பார்கள். அவர்களுடைய மேற்பங்கையும் சேர்த்து அனுப்ப வேண்டிய நிலை வந்தால் குழுவின் சிறு கையிருப்பு கரையும். ஆண்டுக்கு ஒருமுறை, பணத்தைக் கையாளாத உறுப்பினர்கள் கணக்கைத் தணிக்கை செய்து நிதி அறிக்கையை மேலே அனுப்புகிறார்கள். மற்ற வருமானம் பொதுமக்களுக்கான படகு வகுப்புகளின் கட்டணம். பெரும்பாலும் பாடநூல் செலவுக்கு மேல் அதில் மிஞ்சுவது சொற்பம். இது அரசுப் படையின் அங்கம் என்பதால் கடை கடையாக நன்கொடை கேட்டு அலைய முடியாது, படையின் பெயரையும் சின்னத்தையும் தோன்றிய இடத்தில் அச்சிட்டு விற்கவும் முடியாது. நன்கொடையை ஏற்பதற்கென்று விதிகள் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு படகு ஒன்றைத் தர முன்வந்தவரிடம் 'பொறுங்கள், கேட்டுச் சொல்கிறோம்' என்று சொல்வது கமாண்டருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். வாங்கிக்கொண்டு பிறகு கேட்பது அதைவிடப் பெரிய சங்கடம்.

பொருட்களின் கணக்கு இதைவிட எளியது, ஆனால் மறந்துபோவது. வானொலிக் கருவிகள், வகுப்புக்கான ஒலிபெருக்கி, கொடிகள், ஸ்டிக்கர் கட்டு. எது அரசுக்குச் சொந்தம், எது குழுவுக்குச் சொந்தம், எது இறந்துபோன பழைய உறுப்பினர் இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்காமல் போனது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அது யாரோ ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் என்றென்றைக்கும் இருந்துவிடும்.

புதியவர்களைச் சேர்ப்பது பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். குறைந்தது 17 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் சேரலாம். படகு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பம், அடையாள ஆவணங்கள், கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு, அடிப்படைப் பயிற்சிகள் என்று வரிசையாக வாசல்கள் உண்டு. விண்ணப்பத்தில் தனிமனித விவரங்கள் இருப்பதால் அதை உள்ளூர் அலுவலர் தன் வீட்டுக் கணினியில் தேக்கிவைக்கக் கூடாது, சாதாரண மின்னஞ்சலில் அனுப்பிவிடவும் கூடாது. இந்த வாசல்களைக் கடக்கப் பல மாதங்கள் பிடிக்கலாம். ஏப்ரலில் படகுக் கண்காட்சியில் உற்சாகத்தோடு கையெழுத்திட்டவருக்கு ஒப்புதல் வரும்போது ஏரி உறைந்திருக்கும். அந்த மாதங்களில் அவருக்கு யாரும் ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யவில்லை என்றால் அவர் போய்விடுவார், நியாயமாகவே. தாமதத்தைக் குறைக்க உள்ளூர்க் குழுவால் முடியாது. காத்திருப்பவரைக் கூட்டத்துக்கு அழைத்து, பரிசோதகர் ஒருவரின் பக்கத்தில் நிறுத்தி, எழுதும் அட்டையைப் பிடிக்கக் கொடுப்பது முடியும். ஆள்சேர்ப்பு அலுவலரின் உண்மையான வேலை இதுதான். படிவத்தை மேலே அனுப்புவது அதில் பத்தில் ஒரு பங்கு.

பயிற்சி சேர்ந்தவுடன் முடிவதில்லை. பாதுகாப்பு, நடத்தை நெறி, துன்புறுத்தல் தடுப்பு போன்ற கட்டாயப் பாடங்களைக் குறித்த இடைவெளிகளில் எல்லோரும் மீண்டும் முடிக்க வேண்டும். முடிக்காதவரின் தகுதிகள் முடங்கும். எனவே பயிற்சி அலுவலர் தன் பட்டியலை ஆண்டின் இறுதியில் பார்ப்பதை விட மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும் மையம் மாதாந்திரக் கூட்டம். உறுதிமொழி, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்றல், அலுவலர்களின் அறிக்கைகள், பழைய விஷயங்கள், புதிய விஷயங்கள் என்று மரபான வரிசையில் நடக்கும். செயலரின் குறிப்பில் தீர்மானம், முன்மொழிந்தவர், வாக்குக் கணக்கு ஆகியவை இருந்தால் போதும், யார் யாரிடம் என்ன கோபமாகச் சொன்னார் என்பது வேண்டாம். பல கூட்டங்கள் சலிப்பூட்டுவதற்குக் காரணம் அலுவலர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பிய அறிக்கையை மீண்டும் வாய்விட்டுப் படிப்பதுதான். அறிக்கைகளை முன்கூட்டியே சுற்றுக்கு விட்டு, கூட்டத்தில் சந்தேகம் மட்டும் கேட்டு, மிச்ச நேரத்தில் ஒரு முடிச்சையோ வரைபடம் வாசிப்பதையோ கற்றுக்கொடுக்கிற குழுவில் நாற்காலிகள் காலியாவதில்லை. 2020 மார்ச்சுக்குப் பின் நேரடிப் பணிகள் நின்று கூட்டங்கள் இணையத்துக்கு மாறியபோது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அறிக்கை வாசிப்பு மட்டுமே கூட்டமாக இருந்த குழுக்களில் திரையில் முகங்கள் மெல்லக் குறைந்தன.

இலையுதிர் காலத்தில் தேர்தல் வரும். இரகசிய வாக்குச்சீட்டு உண்டு, பெரும்பாலான ஆண்டுகளில் போட்டிதான் இருக்காது. யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்வார். ஜனவரி 1 அன்று பொறுப்பு மாறும். தேர்தலுக்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் ஆண்டின் மிக முக்கியமான அலுவல் காலம் என்பேன். வங்கியில் கையெழுத்திடுவோரின் பெயர்கள் மாற வேண்டும். தரவுத்தள அனுமதிகள் மாற வேண்டும். நியமனங்கள் மறுபடி எழுதப்பட வேண்டும், ஏனெனில் பழைய கமாண்டரின் அலுவலர்கள் அவரோடு சேர்ந்து முடிந்துவிடுகிறார்கள். அஞ்சல்பெட்டிச் சாவி, நடவடிக்கைக் குறிப்பேடு, சந்தா பாக்கிப் பட்டியல், வகுப்பு நடத்த இடம் கொடுக்கும் நூலகத்தோடு செய்த வாய்மொழி ஏற்பாடு, எல்லாம் கைமாற வேண்டும். வாய்மொழி ஏற்பாடுகள்தான் முதலில் தொலைகின்றன. ஒரு பொருளாளர் தன் அடுத்தவருக்குக் காலணிப் பெட்டி நிறைய ரசீதுகளைக் கொடுத்து 'எல்லாம் இதில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்தவருடைய முதல் மூன்று மாதங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

ஆள் குறைந்து, தேர்தலில் நிற்க யாரும் இல்லாமல் போகும் குழுவுக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. ஃப்ளோட்டில்லாவைக் கலைக்கலாம் என்ற முடிவு டிவிஷன் வழியாக மேலே போய் ஒப்புதலாகும். கடைசிக் கமாண்டர் கணக்கை இறுதித் தணிக்கைக்குக் கொடுப்பார். மிச்சப் பணமும் பொருட்களும் துணைப்படையின் வேறு பிரிவுக்குப் போகும். மீதமுள்ள உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் பதிவும் பக்கத்து ஃப்ளோட்டில்லாவுக்கு மாற்றப்படும். அவர்கள் அதே படகுத்துறையில் அடுத்த மே மாதமும் எழுதும் அட்டையோடு நிற்கலாம், படிவத்தின் மேல்மூலையில் எழுதும் ஃப்ளோட்டில்லா எண் மட்டும் வேறாக இருக்கும்.